மறுமாதிரி அனுப்பினால் மட்டும் தண்ணீர் சரியாகிவிடாது

கேள்வி இது: 120 வீடுகள் உள்ள குடியிருப்பு. சொந்தமாக ஓர் ஆழ்துளைக் கிணறு, 50,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, அங்கிருந்து குழாய் விநியோகம். தொட்டி தினமும் ஒருமுறை நிரம்புகிறது. வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். இம்முறை வந்த ஆய்வக அறிக்கையில் கோலிஃபார்ம் ‘உள்ளது’, ஈ. கோலி ‘இல்லை’. யாருக்கும் உடம்புக்கு எதுவும் வரவில்லை. இன்னொரு மாதிரி அனுப்பி ‘இல்லை’ என்று அறிக்கை வாங்கிவிட்டால் விதிப்படி பிரச்சினை தீர்ந்ததா?

தீராது. இரண்டாவது அறிக்கை நன்றாக வருவதற்கு வாய்ப்பு நிறையவே இருக்கிறது, சிக்கலே அதுதான். ஆய்வகம் பார்ப்பது 100 மில்லி லிட்டர். உங்கள் தொட்டியின் கொள்ளளவில் அது ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. கிருமிகள் தண்ணீரில் சீராகக் கரைந்து கிடப்பதில்லை. திட்டுத்திட்டாக வரும், மழைக்குப் பின் வரும், மின்சாரம் போய்க் குழாய் காலியாகும்போது வரும். ஒரு நல்ல நாளில், ஒரு நல்ல குழாயில் பிடித்த பாட்டில் ‘இல்லை’ என்று சொன்னால், அந்தப் பாட்டிலில் இல்லை என்பது மட்டுமே உறுதி. முதல் பாட்டில் சொன்னதை அது அழிக்காது. அதோடு, ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து முடிவு தெரிய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடியிருப்பு குடித்து முடித்திருக்கும்.

முதலில் அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மொத்தக் கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் பல மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக வாழ்பவை. அவற்றால் நோய் வருவது அரிது. ஈ. கோலி மட்டும் மனிதர் அல்லது விலங்கின் குடலிலிருந்து வருவது. அது தென்பட்டால் மலம் அண்மையில் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். எனவே உங்கள் அறிக்கைக்கு ‘மலம் கலந்துவிட்டது’ என்று பொருள் இல்லை. ‘எங்கோ ஒரு திறப்பு இருக்கிறது, அல்லது குளோரின் வேலை செய்யவில்லை’ என்று பொருள். இன்று அந்தத் திறப்பு வழியாக மண் வந்தது. நாளை வேறு எதுவும் வரலாம். யாருக்கும் நோய் வரவில்லை என்ற ஆறுதலையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 120 வீடுகளில் நாலைந்து பேருக்கு ஒரு நாள் வயிறு சரியில்லை என்றால் யாரும் தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை.

இப்போது பிளீச்சிங் பவுடருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறுத்தியது ‘வாரம் ஒருமுறை’ என்ற சொற்கள்தான். தொட்டி தினமும் நிரம்பிக் காலியாகிறது என்றால், திங்களன்று போட்ட குளோரின் திங்கள் தண்ணீரோடு போய்விடும். செவ்வாய் வருவது புதுத் தண்ணீர். வாரத்தில் ஏறக்குறைய ஆறு நாள் உங்கள் குழாயில் குளோரினே இல்லை. குளோரின் தொட்டியைச் சுத்தம் செய்யப் போடுவது அல்ல. ஒவ்வொரு லிட்டரோடும் சேர்ந்து கடைசி வீடுவரை போக வேண்டிய காவல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் ஆன பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும். நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி. பலர் விட்டுவிடும் வரி அதுதான். பிஎச் 7.5இல் குளோரினில் பாதிதான் வீரியமான வடிவத்தில் இருக்கும், 8.5இல் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். மீட்டர் 0.5 காட்டும், கிருமி சாகாது.

எவ்வளவு போடுவது என்பதற்குப் பக்கத்துக் குடியிருப்பைக் கேட்காதீர்கள். அவர்கள் கிணற்றில் இரும்பு எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்பது வேறு. இரும்பு, மாங்கனீஸ், கரிமப் பொருள் எல்லாம் முதலில் குளோரினைத் தின்றுவிடும், மிச்சம்தான் கிருமிக்கு. நான்கு வாளிகளில் கிணற்று நீரைப் பத்துப் பத்து லிட்டர் எடுங்கள். 33 சதவீத வீரியமுள்ள பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டால், மேலே நிற்பது ஏறத்தாழ ஒரு சதவீதக் கரைசல். அதில் ஒரு மில்லி லிட்டர் பத்து லிட்டர் வாளியில் விழுந்தால் அளவு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். வாளிகளுக்கு முறையே 1, 2, 3, 4 மில்லி லிட்டர் விட்டு, மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள். எந்த வாளியில் 0.5 நிற்கிறதோ அதுதான் உங்கள் கிணற்றின் கணக்கு. இரண்டாவது வாளி என்று வைத்துக்கொண்டால், 50,000 லிட்டருக்கு 100 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீதப் பவுடரில் அது 300 கிராம். கடைசி வீடு தொலைவில் இருந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அந்த 33 சதவீதம் மூட்டையில் அச்சிட்ட எண். வெயிலிலும் ஈரத்திலும் வைத்த, வாய் திறந்த மூட்டையில் அது மாதத்துக்கு மாதம் இறங்கும். பழைய பவுடரை அதே கரண்டிக் கணக்கில் போட்டுவிட்டு ‘குளோரின் போடுகிறோமே’ என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். சிறிய மூட்டையாக வாங்கி, உலர்ந்த, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் மூடி வையுங்கள். அமிலத்தோடும் அம்மோனியா கலந்த எந்தத் திரவத்தோடும் ஒரே அறையில் வேண்டாம். கரைக்கும்போது தண்ணீரில் பவுடரைப் போடுங்கள். அடியில் படியும் சுண்ணாம்புச் சகதியைத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள்.

கையால் போடுவதைவிட, கிணற்று மோட்டாரோடு சேர்ந்து ஓடி, மோட்டார் நின்றால் தானும் நிற்கும், கரைசலை அளவாகச் செலுத்தும் ஒரு சிறிய டோசிங் பம்பு மேல். கரைசல் தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே கலந்தால், தொட்டியில் நீர் நிற்கும் நேரம் குளோரினுக்கு வேலை செய்யக் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஏறுகுழாயிலிருந்தே நேராக இணைப்பு எடுத்த வீடுகள் உண்டா? சிறிய திட்டங்களில் இது அடிக்கடி இருக்கும். கிணற்றுக்கு அருகில் இருக்கும் நாலைந்து வீடுகள் அழுத்தம் நன்றாக வருகிறது என்று அங்கேயே எடுத்திருப்பார்கள். அவர்களுக்குத் தொட்டியும் இல்லை, அரை மணி நேரமும் இல்லை. உங்கள் எல்லாக் கணக்கும் அந்த வீடுகளுக்குப் பொருந்தாது.

எஞ்சிய குளோரினை அளக்க டிபிடி மாத்திரைப் பெட்டி போதும். டிபிடி என்பது குளோரின் பட்டால் நிறம் மாறும் ஒரு வேதிப்பொருள். பத்து மில்லி நீரில் முதல் எண் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். ஒரு நிமிடத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், தாமதித்தால் கட்டுண்ட குளோரினும், அதாவது அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து வீரியம் குறைந்த குளோரினும், சேர்ந்து நிறம் கூடிவிடும். மஞ்சள் நிறம் தரும் பழைய ஆர்த்தோடொலிடின் கரைசல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது கட்டுண்ட குளோரினையும் கட்டுண்ணாத குளோரினையும் பிரித்துக் காட்டாது, உடம்புக்கும் கெடுதல். டிபிடியில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது நிறத்தையே வெளுத்துவிடும். சிவப்பு ஒரு நொடி மின்னி மறைந்து, நீர் தெளிவாக நிற்கும். தெரியாதவர் ‘பூஜ்ஜியம்’ என்று எழுதிவிட்டு இன்னும் இரண்டு கரண்டி போடுவார். சந்தேகம் வந்தால் மாதிரியைக் குளோரின் இல்லாத நல்ல நீரில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள்.

மறுமாதிரி எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எடுங்கள், ஆனால் நற்சான்றிதழுக்காக அல்ல, துப்புத் துலக்க. அமெரிக்க விதிமுறையில் இதற்கு நல்ல ஒழுங்கு இருக்கிறது: கோலிஃபார்ம் வந்த அதே குழாயில் ஒன்று, அதற்கு மேற்புறம் ஐந்து இணைப்புகளுக்குள் ஒன்று, கீழ்ப்புறம் ஐந்து இணைப்புகளுக்குள் ஒன்று, எல்லாம் 24 மணி நேரத்துக்குள், நிலத்தடி நீர் என்றால் குளோரின் கலக்கும் முன் கிணற்றிலிருந்தும் ஒன்று. உங்கள் நாட்டு விதி எதுவானாலும் இந்த நான்கும் பயன்படும். தொட்டியின் வெளியேறும் குழாயில் ஐந்தாவதாக ஒன்றும் எடுங்கள். கிணறு சுத்தம், தொட்டி அசுத்தம் என்றால் ஏணியை எடுங்கள். தொட்டி சுத்தம், ஒரு தெரு மட்டும் அசுத்தம் என்றால் மண்ணைத் தோண்ட வேண்டியிருக்கும். அந்த ஒரு குழாய் மட்டும் என்றால் கோளாறு அந்தக் குழாயின் வாயிலோ மாதிரி எடுத்தவர் கையிலோ இருக்கலாம்.

மாதிரிப் பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியோ ஒரு சொட்டுத் திரவமோ இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பலர் கழுவிவிடுவார்கள். அது சோடியம் தயோசல்ஃபேட். பாட்டிலில் பிடித்த நொடியே குளோரினை முறிப்பதற்காக வைத்தது. அதைக் கழுவிவிட்டால் ஆய்வகம் போகும் வழியெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே போகும். வரும் ‘இல்லை’ உங்கள் குழாயைப் பற்றியது அல்ல. குழாய் நுனியில் உள்ள வலையைக் கழற்றி, நுனியைத் தீயிலோ குளோரின் கரைசலிலோ சுத்தம் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல், கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுப் பிடியுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். அதே நேரத்தில் அதே குழாயின் குளோரின் அளவையும் சீட்டில் எழுதுங்கள். அந்த எண் இல்லாத நுண்ணுயிர் அறிக்கைக்குப் பாதி மதிப்புதான்.

இனி நடந்து பார்க்க வேண்டிய வேலை. எந்த ஆய்வகமும் இதை உங்களுக்காகச் செய்யாது.

கிணற்றடியில் தொடங்குங்கள். கேசிங் குழாய் (ஆழ்துளையின் பக்கச் சுவராக இறக்கிய குழாய்) தரைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்காவது நிற்கிறதா, அல்லது பள்ளத்தில் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறதா? பள்ளத்தில் இருந்தால் ஒவ்வொரு மழைக்கும் தேங்கும் நீர் நேராக உள்ளே இறங்கும். மோட்டார் கம்பி உள்ளே நுழையும் துளையை ஒரு கந்தல் துணியால் அடைத்திருப்பார்கள். அதன் வழியே பல்லியும் போகும், எறும்பும் போகும். சுற்றியுள்ள சிமென்ட் தளத்தில் வெடிப்பு இருந்தால் அதில் ஒரு குடம் நீரை ஊற்றுங்கள். எங்கே போகிறது என்று பாருங்கள். கழிவுநீர்க் குழி எவ்வளவு தொலைவு என்று கண்ணளவில் சொல்லாமல் நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். 30 மீட்டர் என்ற எண்ணை எங்கும் கேட்பீர்கள். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் அதுவும் போதாது.

பிறகு தொட்டி. மூடி மழையில் வழியாதபடி விளிம்பு மடிந்து, பூட்டோடு இருக்க வேண்டும். காற்றுக்குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்து, வலை கட்டியிருக்க வேண்டும். வழிநீர்க் குழாயின் கீழ்முனையிலும் வலை வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். 1993இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிடியன் என்ற சிற்றூரில், ஆழமான கிணற்றிலிருந்து வந்த, குளோரின் கலக்காத தண்ணீரால் சால்மோனெல்லா என்ற குடல்நோய்க் கிருமி பரவி, ஆயிரத்துச் சொச்சம் மக்களில் அறுநூறு பேர்வரை நோயுற்றார்கள். கிணற்றில் குறை இல்லை. பறவைகள் புகக்கூடிய நிலையில் இருந்த நீர்த்தொட்டியைத்தான் விசாரணை கைகாட்டியது. 2008இல் கொலராடோவின் அலமோசாவில் அதே கதை: குளோரினிலிருந்து விலக்குப் பெற்ற ஆழ்கிணற்று நீர், வெடிப்பு விட்ட தொட்டி, சால்மோனெல்லா. ‘எங்கள் கிணறு ஆழமானது’ என்ற பேச்சு தொட்டியின் மூடியோடு முடிந்துவிடும். தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தால் தனியாக யாரும் இறங்க வேண்டாம்.

கடைசியாகக் குழாய்த்தடம். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் நீர் விட்டால், மீதி இருபத்திரண்டு மணி நேரம் குழாய் வெறுமையாக, சில இடங்களில் உறிஞ்சும் நிலையில் இருக்கும். கசிவு என்று நீங்கள் பார்க்கும் ஓட்டை அப்போது உள்ளிழுக்கும் வாய். சாக்கடையைக் கடக்கும் குழாய், சாக்கடைக்குள்ளேயே மூழ்கிய வால்வு, குழாயில் நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சும் வீடு, அழுக்கு வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாய் ஆகிய நான்கையும் தேடி வரைபடத்தில் குறியுங்கள். சின்னதாகவாவது எந்நேரமும் அழுத்தம் இருக்கும்படி விநியோகத்தை மாற்ற முடிந்தால், நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

கிணற்று மாதிரியிலேயே கோலிஃபார்ம் வந்தால், குறையைச் சரிசெய்த பிறகு கிணற்றுக்கு ஓங்கிய குளோரின் கொடுத்து ஓர் இரவு நிறுத்தி, வாடை போகும்வரை இறைத்து வெளியே விடுவது வழக்கம். முன்னறிவிப்பு கொடுத்து, விநியோகத்தை மூடிவிட்டுச் செய்யுங்கள். அது முடிந்த மறுநாளே மாதிரி எடுத்தால் எதுவும் வராது, வரவும் முடியாது. சில நாள் கழித்து, குளோரின் வழக்கமான நிலைக்கு வந்த பிறகு எடுங்கள். குறையைச் சரிசெய்யாமல் குளோரினை மட்டும் ஓங்கினால் அடுத்த மழைவரை நிம்மதி கிடைக்கும்.

விதி என்ற பகுதிக்கு வருகிறேன். 15 இணைப்பு அல்லது ஆண்டு முழுக்க வசிக்கும் 25 பேர் இருந்தாலே அமெரிக்கச் சட்டப்படி அது பொதுக் குடிநீர் அமைப்பு. மற்ற நாடுகளில் எல்லை வேறாக இருக்கும். உங்கள் நாட்டில் எத்தனை மாதிரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, பம்பு அறைச் சுவரில் ஒட்டுங்கள். ‘கோலிஃபார்ம் வந்தது, இதைச் செய்தோம்’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லும் கடிதத்தால் கெட்டவர்களை விட, ஒளித்து வைத்த அறிக்கையால் கெட்டவர்களே அதிகம்.

ஒளித்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கனடாவின் வாக்கர்டன் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழைக்குப் பின், ஆழமில்லாத ஒரு கிணறு வழியாகக் கால்நடைச் சாணத்தின் ஈ. கோலி ஓ157 என்ற கொடிய வகைக் கிருமி குழாயில் ஏறியது. சுமார் ஐயாயிரம் பேர் கொண்ட ஊர். வெளியூரிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர், 7 பேர் இறந்தனர். நீதிபதி டென்னிஸ் ஓகானர் விசாரணையில் தெரிந்தது: அன்றாடப் பதிவேட்டில் குளோரின் அளவு அளக்காமலே எழுதப்பட்டு வந்தது, ஏறக்குறைய எப்போதும் 0.5 அல்லது 0.75. இயக்கியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். கிணற்று நீர் தானாகவே நல்லது என்று உண்மையாக நம்பினார்கள், தாங்களும் அதையே குடித்தார்கள். ஆய்வகத்தின் மோசமான முடிவு 17ஆம் தேதியே கைக்கு வந்தும், கேட்டவர்களிடம் நீர் நன்றாக இருக்கிறது என்றார்கள். கொதிக்க வைக்கச் சொல்லும் அறிவிப்பு 21ஆம் தேதி சுகாதார அதிகாரியிடமிருந்துதான் வந்தது.

ஆகவே உங்கள் பதிவேட்டில் தினமும் 0.5, 0.5, 0.5 என்று ஓடினால் நான் மகிழ மாட்டேன். உண்மையான எண்கள் 0.4, 0.6, 0.3 என்று ஆடும்; ஒரு நாள் 0.1 வரும், அதற்கு எதிரே ‘டோசிங் பம்பு அடைப்பு, காலை 9 மணிக்குச் சரிசெய்தது’ என்று இருக்கும். தேதி, நேரம், எந்தக் குழாய், குளோரின், பிஎச், கலங்கல், மோட்டார் ஓடிய மணி, செலவான பவுடர், கையெழுத்து. இவ்வளவு போதும். மாதக் கடைசியில் இறைத்த நீரையும் செலவான பவுடரையும் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, மூட்டை மட்டும் குறையவில்லை என்றால் யாரோ அளக்காமல் எழுதுகிறார்கள்.

எப்போதாவது ஈ. கோலி என்று வந்தால் காரணம் தேடும்வரை காத்திருக்க வேண்டாம்; அன்றே சுகாதாரத் துறைக்குச் சொல்லி, கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். குமிழ் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருந்தால் மூன்று நிமிடம். தடை நீங்கியதையும் அதே போல் வீடு வீடாகச் சொல்லுங்கள். ஆனால் நைட்ரேட் மிகுந்த நீரைக் கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள். ஆவியாகும் அளவுக்கு அது செறிந்துதான் போகும். நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5, ஆர்செனிக் 0.01 என்பவை உலக சுகாதார நிறுவன வழிகாட்டு அளவுகள். இவை மெதுவாக மாறுபவை. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும், நைட்ரேட்டை மட்டும் மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். கோலிஃபார்ம் வந்ததற்காக ஆர்ஓ இயந்திரம் வாங்கலாமா என்று யாராவது கூட்டத்தில் கேட்பார்கள். அது உப்புக்கும் ஃபுளோரைடுக்குமான மருந்து. அதிலிருந்து வெளிவரும் நீரில் எஞ்சிய குளோரின் இருக்காது, அழுக்குக் குடத்தில் பிடித்தால் அங்கேயே மறுபடி கெடும்.

இந்த வாரத்துக்கான வரிசை: இன்றே கடைசி வீட்டில் குளோரின் அளவு பாருங்கள், அநேகமாகப் பூஜ்ஜியமாக இருக்கும். வாளிச் சோதனை செய்து, தினசரி அளவைத் தொடங்குங்கள். ஐந்து மாதிரிகளை எடுத்து அனுப்புங்கள். கிணற்று மாதிரி குளோரின் கலக்கும் இடத்துக்கு முன்னாலிருந்து. அறிக்கை வருவதற்குள் கிணறு, தொட்டி, குழாய்த்தடம் மூன்றையும் நடந்து முடித்துவிடுங்கள். பம்பு இயக்குபவர் ஒருவரே என்றால், அவர் விடுப்பில் போகும் நாளுக்காக இன்னொருவருக்கு டிபிடி பார்க்கவும் கரைசல் கலக்கவும் இப்போதே சொல்லிக்கொடுத்து, பம்பு அறையின் இரண்டாவது சாவியை அவரிடம் கொடுத்து வையுங்கள்.